இரண்டு நீல டப்பாக்களும் ஒரு போனும்

கீழக்கரை,
வியாழக்கிழமை, அஸருக்குப் பிறகு.

அன்புத் தம்பி ஹசன் அலிக்கு லாத்தா உம்மு ஹபீபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் மச்சானும் லாமியாவும் சுகம். அங்கே நீ நல்ல உடல்நலத்தோடு இருக்கிறாய் என்பதை முந்தாநாள் போனில் நீ கத்திய சத்தத்திலிருந்து தெரிந்துகொண்டேன். ருக்ஸானாவும் பிள்ளைகளும் சுகம் என்று நம்புகிறேன். அவர்களைப் பற்றி விசாரிக்க நீ இடம் கொடுக்கவில்லை.

நீ கத்தியது மச்சானுடைய பட்டன் போனில். அதில் ஸ்பீக்கர் கிடையாது. ஆனாலும் அடுப்படியில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. நீ கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. உடைந்த போனைக் கொண்டுவா, மாற்றித் தருகிறோம் என்று சொன்ன கம்பெனியின் ஷார்ஜா கவுன்டரில் போய் நின்று, நம்பர் எடுத்து, ஒரு மணி நேரம் காத்திருந்து, டப்பாவைத் திறந்தால் உள்ளே இரண்டு கிலோ தொதல் இருந்தது என்றால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். கவுன்டரில் இருந்த ஃபிலிப்பைன்ஸ் பெண் ஒரு துண்டு எடுத்துத் தின்றுவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொன்னதையும் கோபத்தோடேதான் சொன்னாய். அதை மட்டும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் கிளறியது நான்.

நடந்ததை முறையாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இதில் மாட்டிக்கொண்டிருப்பது போன் மட்டுமல்ல, லாமியாவின் சம்பந்தமும்தான். அபிராமத்துக்காரர்கள் பெண் பார்த்துவிட்டுப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. தாய்மாமனிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றேன். பையன் சல்மான் இருபத்தைந்தாம் தேதி தம்மாமுக்குத் திரும்புகிறான். அதற்குள் நம் பதில் போகவில்லை என்றால், அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். தாய்மாமன் நீ. உன்னிடம் நான் கேட்ட கேள்விதான் அந்தப் போனுக்குள் இருந்தது.

அவர்கள் வந்துபோன மறுநாள் மாலை, உனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பலாம் என்று மொட்டை மாடிக்குப் போனேன். நம் வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு என்பது உனக்குத் தெரியும், போன லீவில் நீயே அங்கே உட்கார்ந்து பல்துலக்கியபடி பேசியவன். மூடியை நகர்த்தி வைத்துவிட்டு விளிம்பில் உட்கார்ந்து நான்கு நிமிடம் பத்து வினாடி பேசினேன். பேசி முடித்து விரலை எடுத்தேன், விரலோடு போனும் போய்விட்டது. என் போனின் பூட்டு எண் 9806, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், என்பது எனக்கும் லாமியாவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அதே புவியீர்ப்புதான் அதைத் தொட்டிக்குள் இழுத்துக்கொண்டது. செய்தி போனதா, போகவில்லையா என்று பார்க்க நேரம் இருக்கவில்லை.

மச்சான் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா லில்லாஹி" என்றார், சாவுச் செய்தி கேட்டவர் போல. பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார், போனை எடுத்தார், கீழே வந்து நேராக அரிசி டின்னுக்குப் போனார். அரிசி ஈரத்தை உறிஞ்சும் என்பதற்கு ஆதாரம் கிடையாது, காற்றோட்டமான இடத்தில் சும்மா வைத்தாலே அதைவிட நல்லது என்று நான் சொன்னேன். இருபத்தாறு வருடம் பௌதிகம் நடத்துகிறேன், வீட்டில் ஒருவர் கேட்டதில்லை. அவருடைய கவலையெல்லாம் எந்த அரிசி என்பதில்தான். "புழுங்கலரிசி வேணாம் ஹபீபா, அது ஏற்கனவே தண்ணி குடிச்ச அரிசி. இன்னும் என்னத்தக் குடிக்கப் போவுது? பிரியாணி அரிசிய எடு" என்றார். மூன்று நாள், நீ அங்கே ஒப்பந்தத்தில் எடுத்துத் தந்த போன் சீரகச் சம்பாவில் படுத்திருந்தது. நான்காம் நாள் எடுத்துப் பார்த்தால் திரையில் ஓர் ஊதா நிறக் கோடு, அதன் பின் கறுப்பு. அரிசி வீணாகவில்லை. வெள்ளிக்கிழமை அதில் நெய்ச்சோறு ஆக்கினோம்.

பஜாரில் மூக்கையாவிடம் கொண்டுபோனேன். என்னிடம் பிளஸ் டூவில் மின்னோட்டப் பாடத்தில் பதினோரு மதிப்பெண் வாங்கியவன், இன்று ஊரில் பாதிப் பேர் வீட்டு மின்னோட்டத்தை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். போனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "டீச்சர், இது அங்கன கான்ட்ராக்ட்ல எடுத்த போனுல்ல? இந்தா ஓரத்துல பொடியா ஒரு ஸ்டிக்கரு ஒட்டிருக்கான் பாருங்க. நான் தொறந்தேன்னா கிழிஞ்சிரும். கிழிஞ்சதுன்னா உங்க தம்பிய அவங்ய கடைக்குள்ளயே விட மாட்டாங்ய."

"தொறக்காம சரி பண்ண முடியாதா மூக்கையா?"

"தொறக்காம பாக்குறதுக்கு நான் என்ன சோசியமா பாக்குறேன்? கான்ட்ராக்ட் முடியுறதுக்குள்ள அங்கனயே அனுப்பிருங்க. புதுசே குடுப்பாங்ய."

அவன் சொன்னதையேதான் நீயும் மச்சான் போனில் சொன்னாய். ஒப்பந்தம் இரண்டு வருடம், இந்த மாதம் இருபதாம் தேதி முடிகிறது. அதற்குள் ஒரே ஒரு முறை மாற்றித் தருவார்கள். உடைந்த போனை நேரில் கொடுக்க வேண்டும், திறந்திருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஹமீது சுல்தான் மதுரையிலிருந்து ஷார்ஜாவுக்குப் பயணம் வருகிறார், அவர் வசம் கொடுத்தனுப்பு என்றாய். இவ்வளவும் நான் ஒழுங்காகவே செய்தேன்.

தவறு நடந்தது டப்பாவில். நீ ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் கொண்டுவருகிற நீல நிற பிஸ்கட் டப்பாவை நினைத்துக்கொள். அதில் பிஸ்கட் இருப்பது பதினைந்து நாள், அதன் பின் பதினைந்து வருடம் ஊசி நூல். சிம்மைக் கழற்றிவிட்டு, அப்படி ஒரு டப்பாவில் துணி சுற்றிப் போனை வைத்தோம். அபிராமத்துக்காரர்கள் பெண் பார்க்க வந்தபோது ஓட்டுமாவுப் பலகாரம் கொண்டுவந்தார்கள். எதில்? சல்மான் தம்மாமிலிருந்து கொண்டுவந்த, அச்சு அசலாக அதே நீல டப்பாவில். அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பி அனுப்புகிற பழக்கம் நம் வீட்டில் கிடையாது. ஆகவே அதில் தொதல் வைத்தோம். சனிக்கிழமை இரண்டு டப்பாவும் ஒரே மேசையில். லாமியா, நல்ல பிள்ளை, யாரும் கேட்காமலே வந்து இரண்டையும் செய்தித்தாளில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே பெயரும் எழுதிவைத்தாள். காலையில் மச்சான் ஒன்றை ஹமீது சுல்தானிடம் கொடுத்தார், இன்னொன்றை அபிராமம் போகிற மிளகாய் வியாபாரியின் வண்டியில் ஏற்றிவிட்டார். கண்ணாடி போடாமல் போனார் என்று நினைக்கிறேன். அவர் போட்டுத்தான் போனேன் என்கிறார். இந்த விஷயத்தில் எங்களுக்குள் இரண்டு நாளாகப் பேச்சு குறைவு.

செவ்வாய் இரவு நீ கத்திய பிறகுதான் எனக்கு முழுதும் விளங்கியது. தொதல் ஷார்ஜாவில் இருக்கிறது என்றால் போன் அபிராமத்தில் இருக்கிறது. இன்னும் பதில் சொல்லாத சம்பந்தி வீட்டுக்கு, திரை கறுத்துப்போன, உயிரில்லாத ஒரு போனை, துணியில் சுற்றி, அவர்கள் டப்பாவைப் போலவே இருக்கும் டப்பாவில் வைத்து அனுப்பியிருக்கிறோம். என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்? மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு ராமநாதபுரம், பரமக்குடி என்று பஸ் மாறி அபிராமம் போனேன். மச்சான் கூட வருகிறேன் என்றார். அவர் ஏற்கெனவே போதுமான அளவு உதவி செய்திருந்ததால் வேண்டாம் என்றேன்.

சல்மானின் உம்மா செய்யதம்மாள் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிரில் நீல டப்பா, மூடி திறந்து. உள்ளே போன். நம் வீட்டுத் துணி.

"வாங்க டீச்சரம்மா. நீங்க வருவீகன்னு தெரியும், இன்னைக்கா நாளைக்கான்னுதேன் தெரியாது" என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். தொட்டி, அரிசி, மூக்கையா, மச்சானின் கண்ணாடி எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அதுவே எனக்கு ஆச்சரியம்.

"இங்கன டப்பாவத் தொறந்தா தொதலக் காணோம், போனு கெடக்கு" என்றார். "பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் கூடிருச்சு. ஒருத்தி மாப்பிள்ளைக்குச் சீரு வந்துருக்குங்கிறா. இன்னொருத்தி, இல்லடி, ஒடஞ்சதக் குடுத்தனுப்பி வேணாம்னு சொல்றாக, கீழக்கரைல அப்பிடித்தேன் சொல்லுவாகங்கிறா. நான் ரெண்டையும் நம்பல. மகன்ட்ட குடுத்தேன். வெயில்ல வச்சான், என்னமோ பண்ணான், உசுரு வந்துருச்சு."

சல்மான் குளிர்சாதன டெக்னீஷியன். சங்கடத்தோடு கதவருகே நின்றான். "தொறந்தீங்களாப்பா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர், வெயில்ல மட்டுந்தான் வச்சேன்" என்றான். எங்கோ பார்த்தபடி சொன்னான். கூச்ச சுபாவம்.

"சிம்மு இல்லாததால அதுல ஒண்ணும் போகல, வரல. ஆனா ஒரு பேச்சு மட்டும் போகாம உள்ளயே நின்னுக்கிட்டு இருந்துச்சு" என்று சொல்லி, செய்யதம்மாள் போனை எடுத்து ஒரு விரலால் அழுத்தினார்.

நம் குரல் வெளியிலிருந்து கேட்கும்போது வேறு யாரோ பேசுவது போலிருக்கும். அதன் காரணத்தை வருடா வருடம் பதினொன்றாம் வகுப்பில் நானே விளக்குகிறேன். அன்று அந்த விதி வேலை செய்யவில்லை. சந்தேகமே இல்லாமல் அது நான்தான். "ஹசன், பையனப் பத்தி அப்புறம் சொல்றேன். அந்தம்மா இருக்காங்களே, வாய மூடல. எழுபது நிமிஷம் இருந்தாங்க, நான் மணி பாத்தேன், அதுல நாப்பத்தஞ்சு நிமிஷம் மூட்டு வலி. வலது மூட்டு முடிஞ்சதும் எழுந்திரிப்பாங்கன்னு பாத்தேன், இடது மூட்ட ஆரம்பிச்சாங்க. நம்ம வீட்டு பிரியாணியத் தின்னுட்டு உப்பு ஒரு கல்லு கம்மிங்கிறாங்க. இவங்களோட லாமியா எப்படிக் குப்பை கொட்டுவா..." இப்படி மூன்று நிமிடம் ஐம்பது வினாடி. எனக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்கே தெரியாது. நான் நம் வீட்டு நீலத் துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லாமியாவின் வாழ்க்கையை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது.

செய்யதம்மாள் போனைத் தரையில் வைத்தார். "நாப்பத்தஞ்சு நிமிசமெல்லாம் இல்ல. இருவது இருக்கும்" என்றார்.

"ம்" என்றேன்.

"இந்தா, இதுதேன்" என்றார். "அன்னைக்கும் இப்பிடித்தேன் இருந்தீக. நீங்க ஃபிசிக்ஸ் டீச்சரு, நான் அஞ்சாப்பு. நான் ஒண்ணு சொன்னா 'ம்'ங்கிறீக. அடுத்தது என்ன கேப்பீகளோன்னு எனக்கு நெஞ்சு படபடங்குது. பேச்ச விட்டா நீங்க பரிச்ச வச்சுருவீகன்னு பயந்துகிட்டு ஒரு மூட்டு முடிஞ்சதும் அடுத்த மூட்டுக்குப் போனேன். எடது காலு எனக்கு வலிக்கவே இல்ல டீச்சரம்மா. சும்மா சொன்னது."

ஹசன், நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், எடை போட்டிருக்கிறேன். என் மௌனத்தைப் பார்த்து ஒரு மனுஷி இல்லாத மூட்டுவலியை உண்டாக்கிக்கொண்டார் என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. மன்னிச்சுக்கங்க என்றேன்.

"கடைசியில சொன்னீகள்ல, அதையும் கேட்டேன்" என்றார். மீண்டும் விரலால் அழுத்தினார். அந்தக் கடைசி இருபது வினாடியையும் உனக்கு இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கேள்வி அதில்தான் இருக்கிறது: "ஆனா பையன், லாமியா பேசுறப்ப குறுக்கே பேசல. அவ முடிக்கிற வரைக்கும் கேட்டுட்டு அப்புறம் பதில் சொன்னான். நம்ம குடும்பத்துல அப்படி ஒரு ஆம்பளைய நான் பாத்ததில்ல, உன்னையும் சேத்துத்தான். எனக்குச் சம்மதம். நீ என்ன சொல்ற?"

"இத என்கிட்டயே சொல்லிருக்கலாம்ல?" என்றார் செய்யதம்மாள்.

"பழக்கமில்ல" என்றேன்.

"பழகிக்கங்க மதினி. நாளைக்கு உங்க மகளும் இதத்தேன் கேப்பா" என்றார். மதினி என்று அப்போதுதான் முதல் முறையாகச் சொன்னார். பிறகு சாப்பிடாமல் விடவில்லை. கறிக்குழம்பில் உப்பு மிகச் சரியாக இருந்தது. அந்த நாளில் என்னால் மன்னிக்க முடியாமல் போனது அது ஒன்றுதான்.

புறப்படும்போது போனைத் திருப்பிக் கொடுத்தார். பரமக்குடி பஸ்ஸில் ஏறியதும் மறுபடி ஊதாக் கோடு வந்து, அணைந்துவிட்டது. டப்பாவைக் காலியாகக் கொடுக்கக் கூடாதே என்று அவரும் ஓட்டுமாவு நிரப்பினார். எனவே வீட்டில் இப்போது மறுபடியும் நீல டப்பா இருக்கிறது.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளை வெள்ளிக்கிழமை ஹாஜா முகைதீன் பயணம் வருகிறார். இந்தக் கடிதத்தோடு அவர் தரும் டப்பாவில் போன் இருக்கிறது. இம்முறை நானே வைத்தேன், நானே டேப் ஒட்டினேன். இருபதாம் தேதி ஒப்பந்தம் முடிவதற்குள் கவுன்டரில் கொடுத்து மாற்றி வாங்கு. எப்படி உடைந்தது என்று கேட்டால் தொட்டியில் விழுந்தது என்று உண்மையைச் சொல். திறந்தீர்களா என்று கேட்டால் இல்லை என்று தைரியமாகச் சொல். சல்மான் திறக்கவில்லை என்று என்னிடம் சொன்னான். சந்தேகப்படுவது என் தொழில், இருந்தாலும் நம்புகிறேன்.

அடுத்தது, தாய்மாமனாக உன் சம்மதம். அதை மச்சான் போனில் சொல்லு. கத்தாமல் சொல்லு. லாமியாவிடம் நேற்று ராத்திரி கேட்டேன். "நீங்க பாத்து என்ன செஞ்சாலும் சரி உம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். எம்.எஸ்ஸி. முடித்து பி.எட். படிக்கிற பெண். அந்தப் பையனை அன்று எழுபது நிமிடம் பார்த்ததோடு சரி, அதற்கு முன்போ பின்போ ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளை கிடைக்க நாம் கொடுத்துவைத்திருக்க வேண்டும். என் வளர்ப்பு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் வேறு யார் வளர்த்தது?

ருக்ஸானாவுக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கு முத்தம். உன் கோபத்தையும் ரத்தக் கொதிப்பையும் அல்லாஹ் தணித்து, உனக்கு நீண்ட ஆயுளையும் கவுன்டரில் குறைந்த கூட்டத்தையும் தருவானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உன் லாத்தா
உம்மு ஹபீபா

பின்குறிப்பு: மேலே எழுதியதை மடித்து வைத்துவிட்டு மஃரிப் தொழுதேன். முஸல்லா விரிப்பை மடிக்கும்போது ஒரு கேள்வி வந்தது. பூட்டு எண் தெரியாமல் செய்யதம்மாள் அந்தச் செய்தியை எப்படிக் கேட்டார்? இருபத்தாறு வருட பௌதிகத்துக்கு இது தோன்ற முப்பது மணி நேரம் ஆகியிருக்கிறது. லாமியாவைக் கூப்பிட்டேன். அவள் அழவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அவளும் சல்மானும் எட்டு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், தரகரை நம் வீட்டுக்கு அனுப்பியதே அவர்கள்தான். டப்பாவில் பெயரை மாற்றி எழுதியதும், சல்மானுக்குப் பூட்டு எண்ணைச் சொன்னதும் அவள்தான். மச்சான் கண்ணாடி போட்டிருந்தார், அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "மாடியில மாமாட்ட என்ன சொன்னீங்கன்னு தெரியணும் உம்மா. உங்ககிட்ட கேட்டா சொல்லவா போறீங்க? அவர் சரி பண்ணிக் கேட்டுட்டு எனக்குச் சொல்லுவாருன்னு அனுப்பினேன். அதுக்குள்ள அவுக உம்மா வாங்கிட்டாக" என்றாள். கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்தான். இப்போது சொன்னேன். அந்தக் கடைசி இருபது வினாடியை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். சொல்வதற்கு இருபது வினாடிக்கு மேல் ஆயிற்று.

சல்மான் போனைத் திறந்திருக்கிறான், ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது, திருப்பி ஒட்டியும் இருக்கிறான். டப்பாவைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஆகவே கவுன்டரில் நீ எதுவும் சொல்ல வேண்டாம், போகவே வேண்டாம். அப்படியே ஒரு பரிசோதனைக்காகச் சிம்மைப் போட்டு சார்ஜரில் செருகினேன். போன் எந்தக் கோடும் இல்லாமல் எழுந்து உட்கார்ந்தது. நேற்று பஸ்ஸில் அணைந்தது சார்ஜ் இல்லாமல்தான். ஒப்பந்தம் முடியட்டும், இதே போன் எனக்குப் போதும். டப்பா காலியாக வரக் கூடாது என்பதால் அதில் தொதல் வைத்திருக்கிறேன். அந்த ஃபிலிப்பைன்ஸ் பெண்ணுக்குக் கொஞ்சம் கொடு.

இன்னொன்று. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொட்டியருகே போனதும், நின்றிருந்த அந்தச் செய்தி தானாகவே உனக்குப் போய்விட்டது. அரை நிமிடத்துக்குள் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பி நீ சம்மதம் சொல்லிவிட்டாய். ஜஸாக்கல்லாஹ். நான்கு நிமிடம் பத்து வினாடிச் செய்தியை அரை நிமிடத்தில் ஒருவன் எப்படிக் கேட்டான் என்று நான் கேட்கப் போவதில்லை. நீ கேட்கவில்லை. நல்லது தம்பி, இனியும் கேட்காதே. அழித்துவிடு. அதில் உப்பு உட்பட எதுவும் உண்மையில்லை. கடைசி இருபது வினாடியைத் தவிர.